பிரேக்கம்மா இறங்கிய தெரு

அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களை நிறுத்தி விசாரித்தால், பாதிப் பேர் பிரேக்கம்மாவிடம் திட்டு வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர்கள். அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. ஸ்கூல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியும் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்? தபால் ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவளுடைய கணவரையே 'பிரேக்கம்மா வீட்டுக்காரர்' என்றால்தான் ஊருக்கு அடையாளம் தெரியும்.

பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருவார். இடது பக்கம் பிரேக்கம்மா. அவளுடைய காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வந்தவர் சுவரைப் பார்த்துப் பாய்ந்தாலும், மாட்டைப் பார்த்து உறைந்தாலும், அந்த இரண்டாவது பிரேக் எல்லோரையும் காப்பாற்றிவிடும். அதை மிதித்து மிதித்து வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். இடது கால் செருப்பு புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். செருப்புக் கடைக்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஒத்தைக் கால் செருப்பு விக்கிற கடை எதுவும் இல்லம்மா" என்று சிரிப்பார்.

வாய் மோசம், கை சுத்தம் என்பார்கள் அவளைப் பற்றி. "அவசரத்துக்குப் பொறந்தவனே, கண்ணாடி எதுக்கு இருக்கு, மூஞ்சி பாக்கவா?" என்று ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. படிக்க வந்தவர் தேறிவிட்டார் என்று மனதுக்குப் பட்ட நாளில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள ஆளில்லாத ரோட்டில், "நிறுத்து" என்பாள். கதவைத் திறந்து இறங்கிவிடுவாள். "ஒரு சுத்து சுத்திட்டு வா." அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு, கார் போய்த் திரும்பி வரும் வரை ரோட்டோரத்தில் நின்று பார்ப்பாள். அதற்குப் பிறகு அந்த ஆளைத் திட்டவே மாட்டாள். லைசென்ஸ் டெஸ்ட்டெல்லாம் ஊருக்கு ஒரு சடங்கு மாதிரி. டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பிரேக்கம்மா இறங்கிட்டாங்களா?"

ஊரில் எத்தனையோ பேருக்காக இறங்கியவள், பெற்ற மகளுக்காக மட்டும் இறங்கவில்லை.

மகளுக்கும் மூக்குக்கு மேல் கோபம். எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரே காரில் ஏறினால், வீட்டுக்குள் இருக்கும் அப்பா வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். மகள் நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் தண்ணீர்த் தொட்டி ரோட்டுக்கு வரும்போதெல்லாம் பிரேக்கம்மா, "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பாள். மகளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் தேறிப் போனார்கள். மிக்ஸி ரிப்பேர்காரர் போனார், பூக்கடைக்காரி போனாள். ஒருநாள் சாயங்காலம் மகள் சாவியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"உன் வண்டியும் வேணாம், உன் பிரேக்கும் வேணாம். ஊருக்கே இறங்கற, எனக்கு இறங்க மாட்ட."

பிறகு அவள் படித்து, வெளிநாட்டில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனாள். அங்கே யாரோ ஒரு மாஸ்டரிடம் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கினாள். போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது பிரேக்கம்மா, "நல்லது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்குப் பயிற்சிக்கு வந்த மருந்துக்கடைக்காரர் பாவம், ஒன்றும் செய்யாமலே திட்டு வாங்கினார்.

கடைசியாக ஊருக்கு வந்த தடவையும் இருவருக்கும் சண்டைதான். அதற்கப்புறம் ரொம்ப காலம் போன்கூட அப்பாவுக்குத்தான் வரும். அப்படி இருக்கையில் ஒருநாள் மகளே அம்மாவைக் கூப்பிட்டாள். லீவு கிடைத்திருக்கிறது, வெயில் நன்றாக அடிக்கிற கடற்கரை நாடு ஒன்று பக்கத்தில் இருக்கிறது, வாடகைக்குக் கார் எடுத்துச் சின்னச் சின்ன ஊர்களாகப் பார்க்கலாம், இருவரும் வர வேண்டும் என்றாள்.

"பெரிய ஊரெல்லாம் வேணாம்மா. அங்க கூட்டம்தான் இருக்கும். யாரும் பேர் சொல்லாத பழைய ஊரா போலாம். ஆனா ஒரு கண்டிஷன். நான்தான் ஓட்டுவேன். நீ வண்டிக்குள்ள வாயத் திறக்கக் கூடாது."

"நான் என்னத்தடி சொல்லப் போறேன்?"

"இதோ, இப்பவே ஆரம்பிச்சுட்ட."

பிரேக்கம்மா ஒப்புக்கொண்டாள். இந்தப் பயணமும் சண்டையில் முடிந்தால் மகள் இனிமேல் கூப்பிட மாட்டாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்க மாட்டேன், செத்தாலும் திறக்க மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

முதல் நாளே தகராறு. அந்த நாட்டில் எல்லாம் தலைகீழ், ஸ்டியரிங் இடது பக்கம். பிரேக்கம்மாவோ முப்பது வருஷமாக இடது கதவைத் திறந்து உட்கார்ந்தவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு, கம்பீரமாக இடது பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கண் முன்னால் ஸ்டியரிங். மகள் வெளியே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அம்மா. நீ ஓட்டறதா உத்தேசமா?"

"பழக்க தோஷம்டி."

மறுநாள் காலையிலும் அதே கதை. மூன்றாவது தடவை மகள் வலது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், ஹோட்டல் வாசல்காரர் மாதிரி. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. கல்யாணமான புதிதில் பிரேக்கம்மா சொல்லிக் கொடுத்தபோது, ஸ்கூல் பலகையையே இடித்துச் சாய்த்து, அத்தோடு கையெடுத்துக் கும்பிட்டவர். அதனால் வண்டியில் அவர் யாருக்கும் எதிரியில்லை.

வாயை மூடி வைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அப்பா பை நிறைய புதினா மிட்டாய் வைத்திருந்தார். முன்னால் உட்கார்ந்திருக்கும் பிரேக்கம்மாவின் தோள் விறைப்பதைப் பார்த்தால் பின்னாலிருந்து ஒன்றை நீட்டுவார். அவளும் வாங்கிப் போட்டுக் கடித்துத் தீர்ப்பாள். வாய் அடங்கியது. கால் அடங்கவில்லை. மகள் வளைவில் திரும்பினால் வலது கால் தரையை அழுத்தும், முன்னால் சைக்கிள் போனால் அழுத்தும். காலடி ரப்பர் விரிப்பு சுருண்டு முழங்கால் வரை வந்துவிட்டது.

"அம்மா, கால்."

"கால் பேசக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லையே."

மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நாள் நல்லபடியாகப் போயிற்று.

முதலில் பார்த்தது ஒரு கோட்டை ஊர். மஞ்சள் கல்லால் கட்டிய மதில் கடலுக்குள் கால் வைத்துக்கொண்டு நின்றது. வெளியூர்க் கூட்டமே இல்லை. மதில்மேல் துணி உலர்த்தியிருந்தார்கள். பீரங்கி வைக்கிற ஓட்டையில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு பலகையையும் மகளைக் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டார். பிரேக்கம்மா கோட்டையைப் பார்த்தாளோ என்னவோ, கோட்டைக்குள் போகும் தெருவைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள்.

"இதக் கட்டினவன், ரெண்டு வண்டி எதிர எதிர வந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கவே இல்ல."

"குதிரை போன காலத்துதும்மா."

"குதிரைக்கு மட்டும் ரிவர்ஸ் இல்லையா?"

அடுத்தது ஒரு மீன்பிடித் துறைமுக ஊர். கதவுகளுக்கெல்லாம் நீலமும் பச்சையுமாகப் பெயிண்ட். கரையில் வலையைக் காயப்போட்டு, அதன் நிழலில் ஆட்கள் சீட்டாடினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பிரேக்கம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தாள். இப்படிக் கால் வேலையில்லாமல் கிடந்து அவளுக்கே நினைவில்லை. மகளும் கூட வந்து நடந்தாள். கல்யாணத்துக்கு முன்பு தான் லாரி ஓட்டிப் பழகிய கதையை அம்மா சொல்ல, மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். இரண்டு பேரும் இப்படிப் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்திலேயே சாயங்காலம் விஷயம் கெட்டது. கரையோரக் கடையில் உட்கார்ந்து சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்படிம்மா ஓட்டறேன்?"

பிரேக்கம்மாவுக்கு உள்ளுக்குள் பூரிப்புதான். பெண் வளைவில் கியர் மாற்றுகிற அழகை ரெண்டு நாளாக ஓரக்கண்ணால் ரசித்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்ததும் வந்தது வேறு.

"கிளட்ச்ச மட்டும் கொஞ்சம் சீக்கிரம் விடற."

மகள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "எங்க மாஸ்டர் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்ல. அவர் திட்டினதே இல்ல தெரியுமா? நல்லா பண்றேன்னு வாய் நிறைய சொல்லுவார்."

"அப்ப அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

சொன்ன மறுநிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? மகள் எழுந்து போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மாஸ்டர் முகத்தைக்கூடப் பிரேக்கம்மா பார்த்ததில்லை. இருந்தாலும் அந்த ஆள்மேல் அவளுக்குக் காதில் புகை வருகிற அளவு பொறாமை. தன் மகளின் லைசென்ஸில் தன் கை படவில்லையே என்கிற ஆத்திரம் அது.

மறுநாள் காலை காரில் யாரும் பேசவில்லை. பிரேக்கம்மா தவறாமல் வலது பக்கமே ஏறினாள். அப்பா நீட்டிய மிட்டாயையும் வாங்கவில்லை. போய்ச் சேர்ந்தது ஒரு மலைச்சரிவு ஊர். கீழே கடற்கரைச் சாலை, மேலே பழைய கல் வாசல் ஒன்று. வாசலைத் தாண்டினால் பழைய ஊரும் அவர்கள் தங்கும் இடமும். கடற்கரையிலிருந்து வாசலுக்கு ஏறிப் போக ஒரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள், சுவரோரம் பூந்தொட்டிகள், ஒரு காருக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற அகலம். நடுவில் ஒரு வளைவு.

வளைவைத் தாண்டிப் பாதித் தூரம் ஏறியபோது எதிரே லாரி வந்தது. தண்ணீர் பாட்டில் ஏற்றிய கனத்த லாரி. டிரைவர் கண்ணாடியை இறக்கி இரண்டு கையையும் விரித்தார். பாரத்தோடு அவர் மேட்டில் பின்னால் ஏற முடியாது. இறங்க வேண்டியது கார்தான். சரிவில், வளைவு வழியாக, கடற்கரை வரைக்கும் ரிவர்ஸில்.

மகள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். ஸ்டியரிங்கில் கை வெளுத்திருந்தது. பிரேக்கம்மாவின் வலது கால் தானாக அழுத்தியது. அவள் காலுக்கடியில் வெறும் தரை. அதை எத்தனை மிதித்தாலும் இந்த வண்டி நிற்காது.

"அம்மா," என்றாள் மகள், திரும்பாமல். "ஏதாவது சொல்லேன்."

சொல்ல எவ்வளவோ இருந்தது. பிரேக்கை விடாதே, பின்சக்கரத்தைப் பார், வளைவில் இடப்பக்கம் ஒட்டு. எல்லாம் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றன. அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பயம் இருந்தது. ஆனால் கை தன் வேலையைச் செய்திருந்தது. ஹேண்ட் பிரேக்கை ஏற்கெனவே இழுத்து வைத்திருந்தாள். சக்கரத்தை முன்கூட்டியே சுவர்ப்பக்கம் திருப்பியும் வைத்திருந்தாள். அதை யாரும் சொல்லித் தரவில்லை, இப்போது யாரும் கேட்கவும் இல்லை.

பிரேக்கம்மா கதவைத் திறந்தாள். சுவருக்கும் கதவுக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னங்க, நீங்களும் இறங்குங்க."

"நான் எதுக்கு? எனக்கு முட்டி வலிக்குது."

"நீங்க பின்னாடி உக்காந்திருந்தா உங்க தலைதான் தெரியும் அவளுக்கு. இறங்குங்க."

அப்பா முனகிக்கொண்டே இறங்கினார். மகள் கண் இமைக்காமல் அம்மாவைப் பார்த்தாள். அவள் இறங்கினால் என்ன அர்த்தம் என்பது அந்தத் தெருவில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

"கீழ கொண்டு வா," என்றாள் பிரேக்கம்மா. "நாங்க கடல்கிட்ட இருக்கோம்."

கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கி, வளைவைத் தாண்டி, சாலையைக் கடந்து, கடற்கரைக் குட்டைச் சுவரில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எதிரே கடல் வெயிலில் பளபளத்தது. அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும்தான் வேலை செய்தது. அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, பையில் வைத்திருந்த பன்னைப் பிய்த்துத் தின்றபடி தெருவையே பார்த்தார்.

"நீங்க வேணா பாருங்க. எனக்கு எதையும் சொல்லாதீங்க."

எஞ்சின் சத்தம் மெதுவாக இறங்கி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. வளைவுக்கு வந்துவிட்டாள் என்று பிரேக்கம்மாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.

"அய்யோ!" என்று அலறினார் அப்பா.

பிரேக்கம்மா சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உடம்பு முழுக்கத் திரும்பு திரும்பு என்றது. திரும்பவில்லை.

"பன்ன தூக்கிட்டுப் போயிடுச்சு! இவ்வளவு பெரிய பறவை, கையிலேருந்தே!"

"உங்களை..." என்று பல்லைக் கடித்தாள்.

கார் சாலைக்கு வந்து, ஓரமாக ஒதுங்கி நின்ற சத்தம் கேட்டது. பின்னாலேயே லாரி இறங்கி வந்தது. டிரைவர் ஒரு கையை வெளியே நீட்டி, மகளைப் பார்த்து ஏதோ உரக்கச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். கதவு சாத்தும் சத்தம். வேகமான காலடி. மகள் வந்து அம்மாவின் எதிரே நின்றாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா? ஒரு தொட்டிகூட உடையல!"

"பாக்கல."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "பாக்கவே இல்லையா? மிக்ஸிக்காரர் சுத்தினப்போகூட நின்னு பாத்தியே. நான் ஓட்டினா பாக்க மாட்டியா?"

"அவங்களப் பாக்கணும்டி. எங்க போய் இடிப்பாங்களோன்னு பயம் இருக்கும். உன்னைப் பாக்க என்ன இருக்கு? நீ கொண்டு வந்துடுவன்னு தெரியும்."

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"அன்னிக்கும் தெரியும் இவளுக்கு. நீ தனியா ஓட்டிட்டுப் போயிட்டா, ஊரை விட்டே போயிடுவன்னு பயந்து கிடந்தா. அதான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு..."

"நீங்க உங்க பன்னைப் பாருங்க."

ஆனால் இல்லை என்று அவள் சொல்லவில்லை. மகள் பக்கத்தில் வந்து, தோளோடு தோள் இடிக்கச் சுவரில் உட்கார்ந்தாள்.

"வளைவுல வரும்போது மாஸ்டர் சொன்னது ஒண்ணும் ஞாபகம் வரலம்மா," என்றாள். "காதுக்குள்ள நீதான் திட்டிட்டே வந்த. கண்ணாடி எதுக்கு இருக்கு, மூஞ்சி பாக்கவான்னு. நீ வெளியில இறங்கிட்ட, வாய் மட்டும் வண்டிக்குள்ளயே இருந்துது."

பிரேக்கம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அழுகையும் வந்தது. அதை வெயில்மேல் பழி போட்டுத் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லா ஓட்டறடி," என்றாள். "என்னைவிட நல்லா ஓட்டற."

"கிளட்ச்?"

"அது கிடக்குது, விடு."

பிறகு மகள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேலே வாசலுக்குப் போக வேண்டும், இருவரும் ஏறுங்கள் என்றாள்.

"நீ போ. நாங்க நடந்து வரோம்," என்றாள் பிரேக்கம்மா.

"எனக்கு முட்டி..." என்று ஆரம்பித்த அப்பா, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நடக்கறது நல்லதுதான்" என்று முடித்தார்.

கார் தெருவில் ஏறியது. இந்தத் தடவை பிரேக்கம்மா நன்றாகப் பார்த்தாள். தெரு நடுவில், நெஞ்சை நிமிர்த்தி, அதன் பின்னாலேயே நடந்தாள். வளைவில் ஒரு துளி அவசரமில்லாமல் கார் திரும்பியது. ஒரு வீட்டு வாசலில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் கார் போவதை நிமிர்ந்து பார்த்தாள். பிரேக்கம்மா அவள் எதிரே போய் நின்று, காரைக் கை காட்டினாள்.

"என் பொண்ணு," என்றாள் சுத்தத் தமிழில். "அந்த வண்டிய ஓட்டறது என் பொண்ணு. சொல்லிக் குடுத்தது நான்."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தலையாட்டிச் சிரித்தாள்.

"அவங்களுக்கு என்ன புரியும்?" என்றார் அப்பா, மூச்சு வாங்க.

"புரியாட்டி போகுது," என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரை நோக்கிப் பிரேக்கம்மா நடந்தாள்.